திறப்பு ஆர் கையில? மறையாக்கக் கமராப் பெட்டி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரில் கணினியும் கமராவும் பூட்டுவது, திருத்துவது என் தொழில். "உங்கள் படத்தை எங்களாலேயே பார்க்க முடியாது" என்ற வாக்குறுதியோடு ஒரு புது ஸ்டார்ட்அப் ஒரு சிறு பெட்டியும் இரண்டு கமராவும் விற்கிறது. வெளிநாட்டில் இருந்து வந்த வாடிக்கையாளர் ஒருவர் அதை வாங்கி வந்து, "பாத்துச் சொல்லுங்கோ" என்று என்னிடம் தந்துவிட்டுப் போனார். இரண்டு மாதம் கடையில் பூட்டி வைத்திருந்தேன். கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்டவை ஒரே பத்துப் பதினைந்து கேள்விகள்தான். அவர்கள் கேட்டபடியே கீழே போட்டிருக்கிறேன்.

நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. அடிக்கடி மென்பொருளை மாற்றுகிறார்கள்; இன்று நான் எழுதும் குறை அடுத்த மாதம் இருக்காமல் போகலாம். சோதிக்கிற முறை தெரிந்தால் எந்தக் கொம்பனியின் பெட்டியையும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

சிசிடிவி எண்டா சிசிடிவிதானே அண்ணா, இதில என்ன புதுசு?

பழைய சிசிடிவியில் படம் டிவிஆர் என்ற பதிவுப் பெட்டிக்குள் திறந்தபடி கிடக்கும். கடவுச்சொல் தெரிந்தவரும் பார்க்கலாம், ஹார்ட் டிஸ்கைக் கழற்றி எடுத்தவரும் பார்க்கலாம். பூட்டிய அன்று போட்ட '12345' ஐ இன்னும் மாற்றாத டிவிஆர் நம் ஊரில் எத்தனை இருக்கிறது என்று என் வாயால் சொல்ல மாட்டேன். 2016இல் மிராய் என்ற தீநிரல் உலகம் முழுக்க இப்படிப்பட்ட கமராக்களையும் டிவிஆர்களையும்தான் லட்சக்கணக்கில் பிடித்து, பெரிய இணையத்தளங்களை விழுத்தப் பாவித்தது.

இந்தப் பெட்டியில் படம் வீட்டை விட்டு வெளிக்கிடும் முன்பே பூட்டப்படுகிறது. இந்தப் பூட்டைத்தான் மறையாக்கம் (என்க்ரிப்ஷன்) என்கிறார்கள். யாழ்ப்பாண பஸ்ஸில் பார்சல் கொடுத்துவிடுகிறோமே, அதுபோலத்தான். தகரப் பெட்டியைப் பூட்டி பஸ்ஸில் ஏற்றுகிறோம். ஒரு திறப்பு எங்கள் கையில், மற்றது யாழ்ப்பாணத்தில் இறக்கி எடுப்பவர் கையில். கொண்டக்டருக்குப் பெட்டியின் கனம் மட்டும்தான் தெரியும். இங்கே பஸ் என்பது நிறுவனத்தின் செர்வர். திறப்பு உங்கள் போனில்.

எல்லாக் கமராக்காரரும் "என்க்ரிப்ட் பண்ணினது" எண்டுதானே மட்டையில அடிச்சிருக்கிறாங்க?

அடித்திருக்கிறார்கள், பொய்யும் இல்லை. கமராவில் இருந்து செர்வர் வரை போகும் வழியில் பூட்டியிருப்பார்கள். செர்வரில் சேமிக்கும்போதும் பூட்டியிருப்பார்கள். ஆனால் கொண்டக்டரிடமும் ஒரு திறப்பு இருக்கும். "எண்ட்-டு-எண்ட்" மறையாக்கம் என்றால் மட்டும்தான் இரண்டு முனைக்கும் நடுவில் யாரிடமும் திறப்பு இல்லை என்று பொருள். வாட்ஸ்அப் செய்திகளுக்கு இருப்பது அதுதான்.

கொண்டக்டரிடம் திறப்பு இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஊகம் தேவையில்லை. ரிங் கமரா நிறுவனத்தில் ஊழியர்கள் வாடிக்கையாளர்களின் தனிப்பட்ட காணொளிகளைப் பார்க்க முடிந்தது என்று அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு வழக்கு வைத்து, 2023இல் அது 58 லட்சம் டொலரில் முடிந்தது. 2021இல் வெர்காடா என்ற நிறுவனத்தின் ஒரு தலைமைக் கணக்கு வெளியே போக, ஏறக்குறைய 1,50,000 கமராக்களை அந்நியர்கள் திறந்து பார்த்தார்கள். அதில் வைத்தியசாலைகளும் சிறைகளும் இருந்தன. "எல்லாம் வீட்டுக்குள்ளேயே இருக்கும்" என்று விற்ற யூஃபி கமராக்கள், முகம் தெரியும் சிறு படங்களைக் கிளவுடுக்கு அனுப்புவதை 2022 நவம்பரில் ஓர் ஆய்வாளர் கண்டுபிடித்தார். மட்டையில் "என்க்ரிப்ட்" என்று அடித்திருப்பது மட்டும் போதாது.

அப்ப திறப்பு அவங்களிட்ட இல்லை எண்டு எப்பிடித் தெரியும்? கொம்பனி சொல்றதைத்தானே நம்புறம்?

இந்தக் கேள்விக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதுகிறேன். கடவுச்சொல்லை மறந்து பாருங்கள். உண்மையாக மறக்க வேண்டாம், மறந்ததாக நடியுங்கள். புதுப் போன் ஒன்றில் ஆப்பை இறக்கி, "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்பதை அழுத்தி, மின்னஞ்சலில் வரும் இணைப்பால் புதிதாக ஒன்றைப் போட்டு உள்ளே போங்கள். நேற்றைய காணொளி ஓடினால், திறப்பு நிறுவனத்திடம் இருக்கிறது. கதை முடிந்தது. மின்னஞ்சல் ஒன்றை நம்பி அவர்கள் உங்களுக்குத் திறந்து காட்டுகிறார்கள் என்றால், வேறு ஒருவருக்கும் திறந்து காட்ட அவர்களால் முடியும்.

நான் அப்படித்தான் செய்தேன், திரை வெடித்த பழைய சாம்சுங் போன் ஒன்றை முழுதாகத் துடைத்துவிட்டு. உள்ளே போக விட்டது. இரண்டு கமராவின் பெயரும் தெரிந்தது. படம் வரவேண்டிய இடத்தில் கறுப்புச் சதுரம், நடுவில் ஒரு பூட்டு, "இந்தக் கருவியில் திறப்பு இல்லை" என்று ஒரு வரி. சந்தோசம்தான். ஆனால் பெயர் தெரிந்ததைக் கவனித்தீர்களா? "கடை முன்பக்கம்", "லாச்சிப் பக்கம்" என்று நான் வைத்த பெயர்கள் பூட்டப்படாமல் அவர்களின் செர்வரில் இருக்கின்றன. காசு இருக்கிற லாச்சியைக் கமராப் பெயரிலேயே சொல்லிவிட்டேன். அன்றைக்கே ஒன்று, இரண்டு என்று மாற்றினேன்.

கணினியில் வயர்ஷார்க் என்ற, வலையில் போகும் தரவைப் பிடித்துக் காட்டும் மென்பொருளைப் போட்டு, போகும் தரவு புரியாத எழுத்தாக இருப்பதைக் காட்டி "பாருங்கோ, எண்ட்-டு-எண்ட்" என்பவர்களை நம்ப வேண்டாம். வழியில் பூட்டியிருக்கிறது என்று மட்டுமே அது சொல்லும். கொண்டக்டரிடம் திறப்பு இருக்கிறதா என்று அதில் தெரியாது.

போன் கடலுக்க விழுந்தா எல்லாப் படமும் போச்சா தம்பி?

திருக்கடலூரில் வள்ளம் வைத்திருக்கும் ஐயா ஒருவர் கேட்டது. அவருக்கு இது விளையாட்டுக் கேள்வி இல்லை, ஒரு வருடத்தில் இரண்டு போன் கடலுக்குக் கொடுத்தவர்.

முதல் நாள் பூட்டும்போது ஆப் 24 சொற்களைக் காட்டும். அவற்றை வரிசை மாறாமல் தாளில் எழுதி வைத்தால் புதுப் போனில் திறப்பைத் திரும்ப உண்டாக்கலாம். தாளும் இல்லை, போனும் இல்லை என்றால் பழைய படம் போனதுதான், நிறுவனத்துக்கு எத்தனை தடவை அழைப்பு எடுத்தாலும் ஒன்றும் நடக்காது. மேலே சொன்ன நன்மையின் விலை இது. தாளைக் காணி உறுதியோடு வையுங்கள். அதைப் போனில் படம் எடுத்து மகனுக்கு வைபரில் அனுப்பாதீர்கள். ஐயா அதைத்தான் செய்யப் பார்த்தார், நான் கையைப் பிடித்தேன். வேண்டுமானால் வீட்டில் இரண்டாவது போன் ஒன்றையும் அன்றைக்கே கியூஆர் காட்டிச் சேர்த்துவிடுங்கள்.

கரண்ட் போனா?

எல்லாம் நிற்கும், கரண்டில் ஓடும் வேறெந்தக் கமராவையும் போல. 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9 நாடு முழுக்க இருண்டது. ஆகவே ரவுட்டருக்குப் போடும் சிறு 12 வோல்ட் யூபிஎஸ் ஒன்று வேண்டும். என் கடையில் பெட்டியும் ரவுட்டரும் சேர்ந்து சுமார் 15 வாட் எடுத்தன. 8,800 எம்ஏஎச் என்று போட்டிருக்கும் யூபிஎஸ்ஸில் ஏறக்குறைய 32 வாட்-மணி இருக்கும், கைக்கு வருவது இரண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு.

டேட்டாவைத் தின்னாதா? என்னட்ட ரவுட்டர் பெக்கேஜ்தான் இருக்கு.

மறையாக்கத்தால் தரவு வீங்காது, அந்தப் பயம் வேண்டாம். தின்பது காணொளிதான். நல்ல தெளிவான படம் விநாடிக்கு 2 மெகாபிட் என்று வைத்தால் மணிக்கு 0.9 ஜீபி, நாளுக்கு 21.6 ஜீபி, முப்பது நாளுக்கு 648 ஜீபி. ஒரு கமராவுக்கு மட்டும். சாதாரண ரவுட்டர் பெக்கேஜ் தாங்காது.

ஆனால் இந்தப் பெட்டி முழுப் படத்தையும் தனக்குள் இருக்கும் டிஸ்கிலேயே வைக்கிறது. யாராவது அசைந்தால் மட்டும் சிறு துண்டு ஒன்றை மேலே அனுப்புகிறது. இருபது விநாடித் துண்டு 5 எம்பி. நாளுக்கு அறுபது துண்டு போனாலும் மாதம் 9 ஜீபிதான். 1 டிபி டிஸ்கில் இரண்டு கமராவின் முழுப் பதிவு இருபத்து மூன்று நாள் அளவுக்கு நிற்கும்.

மான் வந்தாலும் மணி அடிக்குமோ?

வெளியூர்க்காரர் சிரிப்பார்கள், எங்களுக்கு இது நியாயமான கேள்வி. கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் இரவில் ரோட்டுக்கு இறங்கி வந்து குப்பைத் தொட்டியை மணந்து பார்ப்பது இங்கே வழமை. முதல் கிழமை ஓர் இரவில் ஏழு தடவை போன் அடித்தது. எழும்பிப் பார்த்தால், கடை வாசலில் வாழைப்பழத்தோல் மென்றுகொண்டு ஒரு பெண்மான், நேரே கமராவைப் பார்த்தபடி. ஆப்பில் "மனிதர்" என்று போட்டிருந்தது.

காரணம் இருக்கிறது. படத்தைப் பார்த்து இது ஆள், இது நாய் என்று பிரிப்பதைப் பெரிய நிறுவனங்கள் பல தங்கள் செர்வரில் செய்கின்றன. அங்கே படம் பூட்டில்லாமல் இருக்க வேண்டும். இவர்களின் செர்வருக்குத்தான் படம் தெரியாதே, அதனால் பெட்டிக்குள் இருக்கும் சின்னச் சிப்பே அந்த வேலையைச் செய்கிறது, அது கொஞ்சம் மந்தம். வெளிச்சத்தில் பரவாயில்லை, இரவில் தடுமாறுகிறது. கமராவைக் கொஞ்சம் மேலே ஏற்றி, ரோட்டுப் பகுதியை விலக்கி ஆப்பில் கோடு போட்ட பிறகு குறைந்தது.

ஒரு கவனம். தவறான அறிவிப்பைத் தட்டினால் "இந்தத் துண்டை அனுப்பி எங்கள் தொழில்நுட்பத்தை மேம்படுத்த உதவுங்கள்" என்று கேட்கும். அனுப்பினால் அந்தத் துண்டு பூட்டில்லாமல் போகும். மானின் படம் என்றால் போகட்டும். உங்கள் மனைவி வாசல் கூட்டுகிற படம் என்றால்?

உப்புக்காத்து தாங்குமா?

மட்டையில் உள்ள ஐபி66 என்பது தூசிக்கும் பலமாக அடிக்கும் தண்ணீருக்கும் மட்டும். உப்புப் பற்றி அது எதுவும் சொல்லாது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலைப் பார்த்துப் பூட்டினால் முதலில் துருப்பிடிப்பது ஆணிகளும் வயர் முனைகளும்தான். கறை பிடிக்காத ஆணி போடுங்கள், இணைப்பைச் சிறு பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடுங்கள். ஒக்டோபரில் வாடைமழை தொடங்கும் முன்பு ஒருதரம் கழற்றித் துடையுங்கள்.

கொம்பனி நாளைக்கு இழுத்து மூடினா, கையில இருக்கிறது கல்லோ?

ஸ்டார்ட்அப் என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான், ஆனால் நம்மவர்கள் கடைசியில்தான் கேட்கிறார்கள். 2022 ஏப்ரலில் இன்ஸ்டியோன் என்ற வீட்டுக்கருவி நிறுவனம் சொல்லாமல் கொள்ளாமல் செர்வரை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்களின் ஆப் அன்றைக்கே செத்தது.

சோதனை மிக எளிது. ரவுட்டருக்கு வரும் இணைய வயரைக் கழற்றிவிட்டு, வீட்டு வைஃபையிலேயே ஆப்பைத் திறந்து பாருங்கள். நான் கழற்றிய முதல் தடவை பதிவு தொடர்ந்தது, ஆனால் ஆப் உள்ளே விடவில்லை, "செர்வரைத் தேடுகிறது" என்று சுற்றிக்கொண்டே இருந்தது. அவர்களுக்கு எழுதினேன். மூன்று கிழமைக்குப் பிறகு வந்த மென்பொருளில் சரியாயிற்று. திருத்தியது நல்லது, ஆனால் "எல்லாம் உங்கள் வீட்டுக்குள்" என்று விற்ற பெட்டி, திருத்தும்வரை அவர்களின் அனுமதியில்தான் திறந்தது என்பதையும் குறித்து வைத்திருக்கிறேன். அதோடு கமராக்கள் ஓன்விஃப் என்ற பொதுத் தரத்தைப் பேசுமா என்று கேளுங்கள். பேசினால், நாளைக்கு இந்தப் பெட்டி போனாலும் கமராவை வேறு பெட்டியில் பூட்டலாம். இவை பேசா.

அப்டேட்டில திறப்பைக் களவெடுக்கிற ஏதும் வச்சு அனுப்பினா?

முடியும். மறையாக்கம் எவ்வளவு பலமானதாக இருந்தாலும், பூட்டுவதும் திறப்பதும் அவர்கள் எழுதிய மென்பொருள்தான். இன்று நேர்மையானவர்கள் நாளைக்கு வேறொருவருக்கு விற்றுவிட்டுப் போகலாம். மேலே சொன்ன கடவுச்சொல் சோதனை இன்றைய மென்பொருளுக்கு மட்டுமே சாட்சி.

இதற்கு முழு மருந்து இல்லை, ஆனால் கேட்கக்கூடியவை சில உண்டு. நிரலை எல்லோரும் பார்க்கத் திறந்து வைத்திருக்கிறார்களா? வெளியார் ஒருவரைக்கொண்டு சோதித்து, அறிக்கையை முழுதாக வெளியிட்டார்களா? அப்டேட் தானாக ஏறுமா, கேட்டுத்தான் ஏறுமா? இந்த நிறுவனம் ஆப்பின் நிரலைத் திறந்திருக்கிறது, பெட்டியின் நிரலைத் திறக்கவில்லை. திறப்பு பிறக்கிற இடம் ஆப் என்பதால் பாதி மனம் ஆறுகிறது.

கள்ளன் பெட்டியையே தூக்கிக்கொண்டு போனா?

டிஸ்கைக் கழற்றிக் கணினியில் போட்டுப் பார்த்தேன். வெறும் குப்பை, ஒரு படமும் வரவில்லை. ஆனால் உங்களுக்கும் அந்தப் பதிவு போனதுதான். மிஞ்சுவது மேலே போன சிறு துண்டுகள் மட்டும். பெட்டியைக் கமராவுக்குப் பக்கத்தில் வைக்காமல் அலுமாரிக்குள் வையுங்கள்.

பூட்டினா வெளியில ஆருக்கும் ஒண்டுமே தெரியாதோ?

கொண்டக்டருக்குக் கனம் தெரியும் என்றேன் அல்லவா? அதுதான். எத்தனை மணிக்கு எவ்வளவு தரவு போனது என்பது செர்வருக்குத் தெரியும். ஆள் அசையும்போதுதான் துண்டு போகிறது என்றால், காலை ஆறரைக்கு ஒரு துண்டு, ஏழேகாலுக்கு ஒன்று, பிறகு மாலை நான்குவரை ஒன்றுமில்லை என்பதைப் பார்த்தே வீட்டில் எப்போது ஆளில்லை என்று சொல்லிவிடலாம். படமே தேவையில்லை. இடையிடையே வெறும் தரவையும் அனுப்பி இதை மழுப்புவார்களா என்று கேட்டேன். "பரிசீலிக்கிறோம்" என்றார்கள். பதில் அவ்வளவுதான்.

பொலிஸ் கேட்டாக் குடுக்கேலாது எண்டு சொல்லலாமா?

நிறுவனம் சொல்லலாம், அவர்களிடம் திறப்பு இல்லை. உங்களிடம் இருக்கிறது, ஆகவே கேள்வி உங்களிடம்தான் வரும். மறையாக்கத்தை நம்பிச் சட்டத்தோடு முட்ட வேண்டாம். அந்த நேரத்தில் கேட்க வேண்டியது சட்டத்தரணியிடம், கமரா பூட்டுகிறவனிடம் இல்லை.

மற்றப் பக்கமும் இருக்கிறது. உங்கள் கடை உடைக்கப்பட்டு நீங்களே படத்தைக் கொடுக்க வேண்டி வரலாம். இத்தகைய பதிவுகளைச் சாட்சியமாக ஏற்க 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சாட்சியச் சட்டம் இடம் தருகிறது. போன் திரையை இன்னொரு போனால் படம் பிடித்துக் கொடுக்காமல், ஆப்பில் இருந்து மூலக் கோப்பை அப்படியே இறக்கிக் கொடுங்கள். பெட்டியின் மணி சரியா என்றும் பாருங்கள். இது வாங்கி வந்த நாளில் லண்டன் நேரத்தில் ஓடியது. நள்ளிரவுக் கள்ளன் படத்தில் மாலை ஆறரைக்கு வந்திருப்பான்.

உப்புவெளியில கெஸ்ட் ஹவுஸ் வச்சிருக்கன். வெள்ளைக்காரருக்குப் பிரைவசி முக்கியம். இதைப் போட்டா அவங்களுக்கு நிம்மதிதானே?

உங்களுக்கு நிம்மதி. அவர்களுக்கு என்ன? மறையாக்கம் நிறுவனத்திடம் இருந்து உங்களைக் காக்கிறது. படத்தில் விழுகிறவரை உங்களிடம் இருந்து காக்க அதில் ஒன்றுமில்லை. திறப்பு உங்கள் போனில், படத்தில் இருப்பது அவர்கள். வாசல், வாகனத் தரிப்பிடம், வரவேற்பு மேசை சரி. அறை, குளியலறைப் பக்கம், நீந்தும் இடம் வேண்டவே வேண்டாம். ஒலிப்பதிவை நிறுத்திவிடுங்கள், மூன்று மொழியிலும் பலகை வையுங்கள்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் முழுக்க வீட்டுத் தேவைக்காகச் செய்வதை விட்டுவிடுகிறது. கெஸ்ட் ஹவுஸ் வியாபாரம், அந்த விலக்கில் ஒளிய முடியாது. ஊழியர் நால்வரின் போனிலும் திறப்பைப் போட்டு வைக்காதீர்கள். வேலையை விட்டுப் போகிறவரின் போனை அன்றைக்கே நீக்குங்கள். நீக்கினால் அதற்குப் பிறகு வரும் படம் அவருக்குத் திறக்காது, ஏற்கெனவே இறக்கி வைத்தது அவர் போனில் இருக்கும்.

அம்மா பாலையூற்றில தனிய இருக்கிறா, நான் கனடாவில. ஹோலுக்க ஒண்டு பூட்டிவிடுவீங்களா?

இந்த அழைப்பு மாதம் இரண்டு மூன்று வரும். பிள்ளைகளின் பயம் நியாயம். இந்தப் பெட்டி அதற்கு நன்றாகவே பொருந்தும். டொரொன்டோவில் இருந்து திறந்தாலும் நடுவில் யாரும் பார்க்கப் போவதில்லை.

ஒருமுறை அப்படி ஒரு வீட்டுக்கு ஏணியோடு போனேன். அம்மா தேத்தண்ணி தந்துவிட்டு, "இது எந்தப் பக்கம் பாக்கும் தம்பி?" என்று கேட்டார். ஹோல் முழுக்கத் தெரியும் என்றேன். "நான் பின்னேரம் வீட்டுச் சட்டையோட நிலத்தில படுக்கிறனான்" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து மகள் அழைத்து, படம் வெள்ளையாக இருக்கிறது, கமரா பழுதா என்று கேட்டார். போய்ப் பார்த்தால் கமராவுக்கு மேல் ஒரு துவாய், மடித்து அழகாகக் கொளுவியிருந்தது. மகளுக்கு அங்கிருந்தே அழைப்பு எடுத்து போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வெளியே நின்றேன். அரை மணித்தியாலம் கதைத்தார்கள். பிறகு கமராவைக் கழற்றி, கேற்றைப் பார்க்க மதிலில் பூட்டிவிட்டு வந்தேன். துவாயை அம்மா திரும்ப எடுத்துக்கொண்டார்.